அம்மாவின் குறிப்பேட்டில் கட்டி, தாஹில், டின்: கிராமுக்கு மாற்ற உதவுங்கள்

செந்தூல்காரி
செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்த ஆண்டு அம்மாவின் நெய் பிஸ்கட்டை நானே செய்தாக வேண்டும். அம்மா தவறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பினாங்கில் இருந்த எங்கள் வீட்டைக் காலி செய்தபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டவை இரண்டே பொருள்கள்: அவருடைய குறிப்பேடும் அரிசி அளக்கும் பழைய பால் டின்னும். குறிப்பேட்டில் நாற்பது பக்கம் இருக்கும். பாதிப் பக்கங்களில் நெய்க்கறை படிந்து மறுபக்க எழுத்து தெரிகிறது.

நெய் பிஸ்கட்டுக்கு அம்மா எழுதியிருப்பது இவ்வளவுதான் (கட்டியும் தாஹிலும் மலேசியாவில் அந்தக் காலத்துக் கடை நிறைகள், டின் என்பது கெட்டிப்பால் டின்):

மாவு 1 கட்டி
நெய் 8 தாஹில்
சீனி 1 டின் (அரைத்தது)
உப்பு ஒரு சிட்டிகை
கையில் ஒட்டாத பதம். சிறு தீ.

கைப்பேசியில் தேடினேன். ஒரு கட்டி 500 கிராம் என்று ஓர் இடத்தில் இருந்தது. அதன்படி மாவை நிறுத்தேன். 8 தாஹில் ஏறக்குறைய 300 என்று வந்தது. நெய்யை உருக்கி, அளவு ஜாடியில் 300 கோடு வரை ஊற்றினேன். சீனிக்குக் கடையில் விற்கும் சீனித்தூளை எடுத்து, இப்போது வருகிற கெட்டிப்பால் டின் ஒன்றைக் கழுவி, அதில் ஒரு டின் போட்டேன். அம்மாவின் டின் அரிசி வாளியிலேயே இருந்தது. இரண்டும் ஒரே டின்தானே என்று நினைத்துவிட்டேன்.

அடுப்பிலிருந்து எடுத்தபோது உருண்டைகள் எல்லாம் படர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தட்டு முழுக்க ஒரே வட்டமாகக் கிடந்தன. இனிப்பும் குறைவு. அம்மா செய்தால் உருண்டை கலையாது; மேலே மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும்; நாக்கில் வைத்தால் கரையும். பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

எங்கே தவறினேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பட்டர்வொர்த் தம்பி
செவ்வாய், இரவு 10.15

அக்கா, முதல் பிழை கட்டியில் இருக்கிறது. 500 கிராம் என்பது இன்றைய சீனப் பெருநிலத்தின் கணக்கு. நம் நாட்டுக் கட்டி அதைவிடப் பெரியது. பிரிட்டிஷார் காலத்தில் அதை ஒன்றேகால் பவுண்டுக்கும் சற்று மேலாக, சரியாக ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் பவுண்டாக வரையறுத்தார்கள். கிராமில் 604.79. தைவானில் 600. பெயர் ஒன்றுதான், நிறை மூன்று விதம்.

ஒரு கட்டிக்கு 16 தாஹில். ஆகவே ஒரு தாஹில் 37.8 கிராம், 8 தாஹில் என்றால் அரைக் கட்டி, 302 கிராம். நூறு கட்டி சேர்ந்தால் ஒரு பிக்கல்.

அம்மாவின் குறிப்பில் மாவு 605, நெய் 302. சரிபாதி. நீங்கள் மாவை 500-ஆகக் குறைத்துவிட்டு நெய்யை மட்டும் தாஹில் கணக்கில் போட்டிருக்கிறீர்கள். நெய் மிஞ்சிய மாவு சூட்டில் படராமல் என்ன செய்யும்?


பிரிக்பீல்ட்ஸ் அடுப்பு
செவ்வாய், இரவு 11.02

தம்பி சொன்னது சரி. இன்னொரு பிழையும் அதே இடத்தில் ஒளிந்திருக்கிறது சகோதரி. நீங்கள் நெய்யை ஜாடியில் அளந்தீர்கள். ஜாடியில் உள்ள கோடு மில்லிலிட்டர். தாஹில் நிறை. தண்ணீராக இருந்தால் 300 மில்லிலிட்டரும் 300 கிராமும் ஒன்றே என்று விட்டுவிடலாம். உருக்கிய நெய் தண்ணீரைவிட இலேசானது, மில்லிலிட்டருக்கு 0.91 கிராம்தான் நிற்கும். 300 கோடு வரை நீங்கள் ஊற்றியது 273 கிராம் நெய். இந்தத் தவறு முந்தைய தவறைக் கொஞ்சம் ஈடுகட்டியிருக்கிறது. அது இல்லாமல் 302 கிராமும் போட்டிருந்தால் இன்னும் மோசமாகப் படர்ந்திருக்கும்.

பதினெட்டு ஆண்டுகளாகப் பேக்கரி வேலை செய்கிறேன், வார இறுதியில் பெண்களுக்குக் கேக் வகுப்பும் நடத்துகிறேன். வகுப்பில் முதல் நாள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஒரு கோப்பை எத்தனை கிராம்?" நான் திருப்பிக் கேட்பது, "எதில் ஒரு கோப்பை?" 250 மில்லிலிட்டர் கோப்பையில் சீனியை நிரப்பினால் 210 கிராம் வரும். தேன் ஊற்றினால் 350-ஐத் தாண்டும். ரவை 170-ஐ ஒட்டி நிற்கும், பச்சரிசி 200-க்குச் சற்று மேலே. கோதுமை மாவு? அதற்குத்தான் ஒரே பதில் கிடையாது. கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு மேலே கத்தியால் வழித்தால் 130. கோப்பையையே மாவுப் பைக்குள் விட்டு முகந்தால் 150, 155. சலித்த மாவைத் தூவி நிரப்பினால் 120-க்கும் கீழே போகும். அதே கோப்பை, அதே மாவு, அதே கை.

மாவுத் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. கோப்பை அந்தக் காற்றையும் சேர்த்தே அளக்கிறது. தராசு மாவை மட்டும் அளக்கிறது. வகுப்பில் நான் சொல்லித் தருவதில் பாதி இதுதான்.

கோப்பையிலும் பல அளவு உண்டு. அமெரிக்கச் செய்முறையில் கோப்பை 237 மில்லிலிட்டர். நம் ஊர்க் கடைகளில் விற்கும் அளவுக் கோப்பை பெரும்பாலும் 250. ஜப்பானியச் செய்முறையில் 200. மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. அந்த ஊர்ச் செய்முறை ஒன்றை வைத்துக்கொண்டு நம் கரண்டியால் அளந்தால் ஒவ்வொரு கரண்டிக்கும் கால் பங்கு குறையும்.


முறுக்குச் சட்டி
புதன், காலை 6.20

எல்லோருக்கும் காலை வணக்கம். நான் செலாயாங்கில் வீட்டிலிருந்தே முறுக்கு செய்து விற்கிறேன். இருபத்திரண்டு தீபாவளி பார்த்தாகிவிட்டது. தராசு என் சமையலறைக்குள் வந்ததில்லை.

எனக்கு இந்த மாற்றுக் கணக்கே தேவையற்றதாகத் தெரிகிறது. என் மாமியார் சொன்னது நான்கு மங்கு (கிண்ணம்) அரிசி மாவுக்கு ஒரு மங்கு உளுத்தம் மாவு. மங்கு பெரிதோ சிறிதோ, நான்குக்கு ஒன்று நான்குக்கு ஒன்றுதான். இட்லிக்கும் அப்படித்தான். ஊரில் ஆழாக்கிலும் படியிலும் அளந்தார்கள், இங்கே வந்த பிறகு டின்னில் அளந்தார்கள், இட்லி கெட்டுப்போகவில்லையே. கிராம் என்று எழுதினால்தான் சமையல் என்று ஆகிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் செய்தது என்ன?


பிரிக்பீல்ட்ஸ் அடுப்பு
புதன், காலை 8.45

அம்மா, நீங்கள் சொல்வதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரே பாத்திரத்தால் எல்லாவற்றையும் அளந்தால் பாத்திரத்தின் அளவைப் பற்றிக் கவலையே இல்லை. 8 ஆழாக்கு ஒரு படி என்று தெரிந்தால் போதும், அந்தப் படி எந்த ஊர்ப் படி என்று இட்லி கேட்காது. அரிசியும் உளுந்தும் ஏறக்குறைய ஒரே கனத்தில் நிரம்புகிற தானியங்கள் வேறு. கோப்பையில் நான்குக்கு ஒன்று என்றால் தராசிலும் கிட்டத்தட்ட நான்குக்கு ஒன்றுதான்.

சிக்கல் இரண்டு பாத்திரம் கலக்கும்போது தொடங்குகிறது. செந்தூல் சகோதரியின் குறிப்பில் மாவும் நெய்யும் நிறையில் இருக்கின்றன, சீனி டின்னில் இருக்கிறது. அந்த டின் எவ்வளவு கொள்ளும் என்று தெரியாமல் மற்ற இரண்டோடு அதைப் பொருத்தவே முடியாது. உங்கள் முறுக்கில்கூட வெண்ணெய் போடுவீர்கள் அல்லவா? அது மங்கிலா, பாக்கெட்டிலா?


முறுக்குச் சட்டி
புதன், காலை 9.10

பாக்கெட்டில்தான். எட்டு மங்கு அரிசி மாவுக்கு ஒரு பாக்கெட் வெண்ணெய்.


பிரிக்பீல்ட்ஸ் அடுப்பு
புதன், காலை 9.25

கடையில் 250 கிராம் பாக்கெட்டும் இருக்கிறது, 227 கிராம் பாக்கெட்டும் இருக்கிறது. பின்னது அரைப் பவுண்டு. வேறு நிறுவனத்தின் வெண்ணெய்க்கு மாறும்போது உறையில் உள்ள எண்ணை ஒருமுறை பாருங்கள் அம்மா. பத்தில் ஒரு பங்கு வெண்ணெய் கூடினால் முறுக்கு எண்ணெயில் உதிரும்.


முறுக்குச் சட்டி
புதன், காலை 9.31

போன ஆண்டு இரண்டு நாள் உதிர்ந்தது. எண்ணெய்ச் சூடு என்று நினைத்தேன். பார்க்கிறேன்.


வங்சா மாஜு மாணவன்
புதன், மதியம் 1.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். விடுதியில் சமைக்கிறேன். செய்முறையில் இரண்டு கோப்பை அரிசி என்று இருக்கிறது. ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கோப்பையால் அளந்தால் எப்போதும் மசாலா தூக்கலாக இருக்கிறது. ஏன்?


பட்டர்வொர்த் தம்பி
புதன், மதியம் 1.20

அந்தக் கோப்பை 180 மில்லிலிட்டர்தான். ஜப்பானியர்கள் அரிசி அளக்கும் பழைய அளவு அது. ரைஸ் குக்கர் அங்கிருந்து வந்ததால் கோப்பையும் கூடவே வந்துவிட்டது. அதில் 150 கிராம் அரிசி பிடிக்கும். 250 மில்லிலிட்டர் கோப்பையில் 200-க்கு மேல். செய்முறை கேட்ட அரிசியில் முக்கால் பங்குகூட நீங்கள் போடவில்லை, மசாலாவை மட்டும் முழுதாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சிறு கோப்பையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பானைக்குள் இருக்கும் தண்ணீர்க் கோடுகள் அந்தக் கோப்பையின் கணக்கில்தான் போடப்பட்டிருக்கின்றன.


தண்ணீர்மலைப் பாட்டி
புதன், மாலை 5.50

பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

மகளே செந்தூல்காரி, உன் அம்மா எழுதிய டின் இப்போதைய டின் இல்லை. எனக்கு எழுபத்தாறு வயது. நான் கல்யாணமாகிப் பினாங்கு வந்த காலத்தில் கெட்டிப்பால் டின் சிறியது. 14 அவுன்ஸ் என்று தாளில் போட்டிருக்கும். மூடியை உள்வாட்டமாக மடக்கிவிட்டு, விளிம்பைச் சுத்தியலால் தட்டி, அதைத்தான் எல்லா வீட்டிலும் அரிசி வாளிக்குள் போட்டு வைத்திருப்போம். மலாய்க்கார வீட்டிலும் அதே டின், சீனர் வீட்டிலும் அதே டின். "ஒரு டின் அரிசி கொடு" என்று பக்கத்து வீட்டில் கடன் வாங்கினால் அவர்கள் டின்னும் நம் டின்னும் ஒத்திருக்கும், சண்டை வராது.

கட்டியும் தாஹிலும் கடைக்காரன் அளவு. வீட்டில் யாரிடமும் தராசு இல்லை. சௌராஸ்தா சந்தையில் டாச்சிங் என்று ஒரு நீளக் கோல் வைத்திருப்பார்கள். ஒரு முனையில் தட்டு தொங்கும், கோலில் குண்டை நகர்த்தி நகர்த்தி நிறுத்துவார்கள். கோல் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் எங்களுக்குத் திருப்தி. மாவைக் கட்டிக் கணக்கில் வாங்கி வந்தால் அந்தப் பொட்டலத்தை அப்படியே பிரித்துக் கொட்டுவோம். அதனால்தான் உன் அம்மா மாவுக்குக் கட்டி என்றும், வீட்டுச் சாடியில் இருக்கிற சீனிக்கு டின் என்றும் எழுதியிருக்கிறார். எங்கிருந்து எடுத்தாரோ அந்த இடத்து அளவு.

உன்னிடம் அந்தப் பழைய டின் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே. அதை அளந்து பார்.


பட்டர்வொர்த் தம்பி
புதன், இரவு 8.10

பாட்டி சொன்ன 14 அவுன்ஸ் 397 கிராம். இப்போது நம் கடைகளில் பெரும்பாலும் 500 கிராமை ஒட்டிய டின். கெட்டிப்பால் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு கனமானது என்பதால், பழைய டின் 300 மில்லிலிட்டருக்குச் சற்று மேலும், புதிய டின் 390-ஐ ஒட்டியும் கொள்ள வேண்டும்.

அக்கா, அளப்பது எளிது. காலி டின்னைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரின் நிறை எத்தனை கிராமோ, டின்னின் கொள்ளளவு அத்தனை மில்லிலிட்டர். மெட்ரிக் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இது: தண்ணீரை வைத்து எந்தப் பாத்திரத்தையும் அளந்துவிடலாம், கடையில் அளவுக் கோப்பை வாங்கத் தேவையே இல்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு எடைகள், அளவைகள் சட்டம் வந்து படிப்படியாகக் கட்டி போய் கிலோ வந்தது என்பதைச் சந்தைக்காரர்கள் இன்னும் குறையாகச் சொல்வார்கள். சமையலறையில் கிலோவும் லிட்டரும் இப்படிக் கைகோத்து நிற்பதைக் கட்டியிலும், கந்தாங் என்ற பழைய கொள்ளளவிலும் பார்க்க முடியாது.


செந்தூல்காரி
வியாழன், காலை 7.30

பாட்டி, தம்பி, இருவருக்கும் நன்றி. இன்று வேலைக்குப் போகுமுன் அளந்துவிட்டேன்.

அம்மாவின் டின்: 312. புதிய டின்: 392. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. புதியது விரற்கடை உயரம் கூடுதல். அந்த விரற்கடையில் 80 மில்லிலிட்டர் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவின் டின்னின் விளிம்பில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. சீனியையோ அரிசியையோ விரலால் வழித்துச் சமன் செய்த இடம் அது. என் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்துகிறது. அதனால் அவர் கோபுரமாகக் குவித்து அளக்கவில்லை, தலைதட்டித்தான் அளந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது ஒரு சந்தேகம். அந்த டின்னில் தலைதட்டி வெள்ளைச் சீனி போட்டால் 264 கிராம். கடையில் வாங்கிய சீனித்தூள் போட்டால் 156 கிராம்தான் நிற்கிறது. "சீனி 1 டின் (அரைத்தது)" என்றால் எது?


பிரிக்பீல்ட்ஸ் அடுப்பு
வியாழன், காலை 10.15

மிக நல்ல கேள்வி. சீனியை அரைத்தால் நிறை மாறாது, இடம் மாறும். பொடி பூத்துக்கொண்டு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலச் செய்முறைகளிலும் இதே வில்லங்கம் உண்டு. "ஒரு கோப்பை சலித்த மாவு" என்றால் சலித்த பிறகு அளக்க வேண்டும். "ஒரு கோப்பை மாவு, சலித்தது" என்றால் அளந்த பிறகு சலிக்க வேண்டும். சொல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மாவில் பத்திருபது கிராம் வித்தியாசப்படும்.

அந்த வழக்கப்படி பார்த்தால் உங்கள் அம்மா "அரைத்தது" என்பதைப் பின்னால் எழுதியிருக்கிறார். முதலில் ஒரு டின் சீனி, பிறகு அரைக்க வேண்டும். 264. ஆனால் வீட்டுக் குறிப்பில் சொல்வரிசையை அவ்வளவு நம்ப முடியுமா என்பதில் எனக்கே தயக்கம் இருக்கிறது. இன்றைய செய்முறைகளில் மாவின் எடையில் பாதியளவு சீனித்தூள் போடுவார்கள். அந்தக் கணக்கில் 300 வரும். 264 அதற்கு அருகில் நிற்கிறது, 156 வெகு தூரத்தில் நிற்கிறது.


தண்ணீர்மலைப் பாட்டி
வியாழன், மாலை 4.40

அந்தக் காலத்தில் சீனித்தூளை யார் கடையில் வாங்கினார்கள்? சீனியை அளந்து எடுத்து அரைப்போம். மிக்சி வருமுன் அம்மிக் குழவியை வைத்துத் தேய்த்துக் கண்ணால் பார்த்துச் சலிப்போம். அரைத்ததை மறுபடி டின்னில் போட்டு அளக்க மாட்டோம். பாதி டின்னிலேயே ஒட்டிக்கொள்ளும், பினாங்குக் காற்றுக்கு அரை மணியில் கட்டியாகிவிடும். சீனியை அளந்தார், பிறகு அரைத்தார். சந்தேகமே வேண்டாம் மகளே.


செந்தூல்காரி
வியாழன், இரவு 9.15

பாட்டி சொன்ன பிறகு சந்தேகமில்லை. ஆனாலும் சனிக்கிழமை இரண்டையும் பாதி அளவில் செய்து பார்க்கிறேன். அம்மாவிடம் கேட்க முடியாததை நாக்கிடம் கேட்கலாம் அல்லவா.

இன்னொரு பக்கத்தில் வெண்ணெய்க் கேக் இருக்கிறது. மாவு 8 அவுன்ஸ், சீனி 8 அவுன்ஸ், வெண்ணெய் 8 அவுன்ஸ், முட்டை 4. அளவு ஜாடியில் அவுன்ஸ் கோடும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?


பிரிக்பீல்ட்ஸ் அடுப்பு
வியாழன், இரவு 9.50

வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஜாடியில் இருப்பது திரவ அவுன்ஸ், கொள்ளளவு. கேக்கில் இருப்பது நிறை அவுன்ஸ், 28.35 கிராம். அந்தத் தலைமுறை மனையியல் வகுப்பில் கற்ற பிரிட்டிஷ் கணக்கு அது. எல்லாவற்றையும் தராசில் நிறுப்பார்கள். 8 அவுன்ஸ் 227 கிராம். மாவை ஜாடியில் 8 அவுன்ஸ் கோடு வரை நிரப்பினால் 120 கிராம் வந்தாலே அதிகம். பாதி மாவில் கேக் செய்தால் நடுவில் குழி விழும். என் வகுப்புக்கு வருகிறவர்கள் கொண்டு வரும் புகார்களில் இது மிக அதிகம்.

முட்டையைக் கவனியுங்கள். இந்தக் கேக்கின் சூத்திரமே நான்கு பொருளும் சம நிறை என்பதுதான். 227 கிராமுக்கு நான்கு முட்டை என்றால் ஒரு முட்டை ஓட்டோடு 57 கிராம். நம் கடையில் ஏ தர முட்டை 65 கிராமுக்கு மேல், பி தரம் 60-க்கு மேல், சி தரம் 55 முதல் 60 வரை. பெரிய முட்டை நல்லது என்று ஏ தரத்தை வாங்கி நான்கு உடைத்தால் 260-ஐத் தாண்டிவிடும், கேக் ஈரமாகிவிடும். சி தரம் வாங்குங்கள். விலையும் குறைவு. அல்லது நான்கு முட்டையை ஓட்டோடு தராசில் வைத்து, வருகிற எண்ணுக்கு மாவு, சீனி, வெண்ணெயை நிறுத்துக்கொள்ளுங்கள். பழைய கைகள் அப்படித்தான் செய்தன. மாற்றுக் கணக்கே தேவைப்படாத அளவு முறை அது.


முறுக்குச் சட்டி
வெள்ளி, இரவு 10.30

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று மகனின் தராசை எடுத்து என் மங்கை நிறுத்தேன்.

அரிசி மாவை மில்லிலிருந்து அரைத்துச் சூடாகக் கொண்டு வந்தவுடன் ஒரு மங்கு: 205 கிராம். அதே மாவைச் சலித்து ஆறவைத்துத் தலைதட்டியபோது 212. வாளியில் கொட்டி இரண்டு மணி நேரம் கழித்து மேலிருந்து எடுத்தது 231. வாளியின் அடியிலிருந்து முகந்தது 247. ஒரே அரிசி, ஒரே மில், ஒரே நாள்.

காலையில் பிசைகிற மாவு நெகிழ்ந்தும், மாலையில் வாளி அடிக்கு வந்த பிறகு பிசைகிற மாவு இறுகியும் இருப்பதை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். வெயிலால், காற்றால் என்று நினைத்து வந்தேன். மங்கு மாறவில்லை, அதனால் மாவும் மாறவில்லை என்று நம்பியிருக்கிறேன். நான்குக்கு ஒன்று என்று சொன்னேனே, உளுத்தம் மாவு கொஞ்சமாக இருப்பதால் எப்போதும் மேலாகவே எடுப்பேன், அரிசி மாவை மட்டும் அடி வரை முகப்பேன். மாலையில் அது ஐந்துக்கு ஒன்றை நெருங்கியிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் ஐயா, வெண்ணெய்ப் பாக்கெட்டையும் பார்த்தேன். போன ஆண்டு மாற்றியது உண்மைதான்.

மங்கை விடமாட்டேன். ஆனால் ஒரு மங்கு 215 கிராம் என்று வைத்துக்கொண்டு நிறுக்கப் போகிறேன். அது என் மாமியாரின் அளவுதான். அவர் மாவு அரைத்து வந்த அன்றே சலித்து ஆறவைத்துப் பிசைந்துவிடுவார், வாளியில் போட்டு வைக்க மாட்டார்.


பிரிக்பீல்ட்ஸ் அடுப்பு
வெள்ளி, இரவு 10.55

அம்மா, இதைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள். உப்பையும் அப்படியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பொடி உப்பு தேக்கரண்டிக்கு 6 கிராம் வரும், கல் உப்பு அதே கரண்டியில் குறைவாக நிற்கும். வாங்கும் உப்பு மாறினால் கரண்டிக் கணக்கு காலை வாரிவிடும்.


தண்ணீர்மலைப் பாட்டி
சனி, காலை 8.00

எல்லாவற்றையும் நிறுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முறுக்குக்குத் தண்ணீரை மட்டும் நிறுக்காதீர்கள். மழை நாளில் மாவு கேட்கிற தண்ணீர் வேறு, வெயில் நாளில் கேட்கிறது வேறு. அச்சில் போட்டு ஒரு சுற்றுப் பிழிந்து பார்த்தால் நூல் அறுந்தால் தண்ணீர் போதாது, அச்சில் ஒட்டிக்கொண்டு வந்தால் அதிகம். அதைக் கைதான் சொல்ல வேண்டும்.


செந்தூல்காரி
சனி, மாலை 6.35

செய்துவிட்டேன்.

இரண்டு தட்டுக்கும் பொது: மாவு 302 கிராம், நெய் 151 கிராம், இரண்டுமே தராசில். முதல் தட்டுக்கு 132 கிராம் சீனியை நிறுத்து மிக்சியில் அரைத்தேன். ஆவலுக்காக அரைத்த தூளை அம்மாவின் டின்னில் கொட்டிப் பார்த்தேன். அரைக்குமுன் பாதி டின்னாக இருந்தது, அரைத்த பிறகு முக்கால் டின்னைத் தாண்டி நின்றது. இரண்டாம் தட்டுக்குக் கடைச் சீனித்தூள் 78 கிராம். 10 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, 160 டிகிரியில் பதினெட்டு நிமிடம்.

இரண்டாம் தட்டு உருண்டையாகவே இருந்தது. ஆனால் வெளிறி, தொண்டையில் மாவாக நின்றது. முதல் தட்டை வெளியே எடுத்தபோது மேலே வெடிப்பு விட்டிருந்தது. நான் எதுவும் சொல்லுமுன் என் அண்ணன் (பினாங்கிலிருந்து வந்திருக்கிறார்) ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

குறிப்பேட்டில் அம்மாவின் எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டேன்: மாவு 605, நெய் 302, சீனி 264 நிறுத்து அரைக்கவும். அழியாத மை வேண்டாம் என்று தோன்றியது.


தண்ணீர்மலைப் பாட்டி
சனி, இரவு 7.20

நல்லது மகளே. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது?


செந்தூல்காரி
சனி, இரவு 7.32

அச்சு முறுக்கு, பாட்டி. அரிசி 2 சுப்பாக். முட்டை 10. சீனி 3 டின். தேங்காய் 3, பெரியது.


பட்டர்வொர்த் தம்பி
சனி, இரவு 7.50

சுப்பாக் கொள்ளளவு. நான்கு சுப்பாக் ஒரு கந்தாங், கந்தாங் ஒரு பிரிட்டிஷ் கேலனுக்குச் சமம், 4.546 லிட்டர். இரண்டு சுப்பாக் 2.27 லிட்டர். அரிசியாக 1,850 கிராமை ஒட்டி வரும். அம்மா தெருவுக்கே செய்திருக்கிறார் அக்கா.


தண்ணீர்மலைப் பாட்டி
சனி, இரவு 8.05

தம்பி கணக்கு சரி. ஆனால் அது அரிசி, மாவு இல்லை. ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி அரைக்க வேண்டும். கடை மாவை வாங்கி 1,850 கிராம் போட்டுவிடாதே. கடை மாவு காய்ந்தது, தேங்காய்ப் பால் கூடுதலாகக் கேட்கும்.

தேங்காய்க்கு யாரும் கிராம் சொல்லாதீர்கள். அந்தக் காலத்துப் பெரிய தேங்காயை நான் எங்கே போய்த் தேடுவேன். இரண்டு கரண்டி மாவை எடுத்து, பாலை ஊற்றிக் கரைத்து, சூடான அச்சை அதில் முக்கால் பாகம் அமுக்கித் தூக்கிப் பார். பிடித்து வந்து எண்ணெயில் தானாகக் கழன்றால் அதுதான் பதம். அப்போது எத்தனை மில்லிலிட்டர் பால் போயிருக்கிறது என்று பார்த்து, உன் பென்சிலால் எழுதிக்கொள்.


செந்தூல்காரி
சனி, இரவு 8.11

சரி பாட்டி. அச்சு அண்ணன் வீட்டில் இருக்கிறது. நாளை எடுத்து வரச் சொல்கிறேன்.